சிவிக்கா, இன்டெக்ராவா, ஸ்விஃப்டா: முன்சக்கர வண்டி பழக எதை எடுப்பது?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேர் கூடுவோம். அக்கா பையன், அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பைக்கில் போகும் நான். ஒரு பிளேஸ்டேஷன் 5, அதில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் விளையாட்டு, பழைய சாப்பாட்டு மேசையின் விளிம்பில் இறுக்கிய லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங். ஸ்டியரிங் ஒன்றே ஒன்று என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் மோத வழியில்லை. ஒரே டிராக், ஒரே கார், ஆளுக்குப் பத்து சுற்று. யார் நேரம் கடைசியோ அவர் செலவில் சாயங்கால டீயும் பஜ்ஜியும். எங்கள் சாம்பியன்ஷிப் இவ்வளவுதான்.

இதுவரை மாஸ்டா ரோட்ஸ்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நிஜ வண்டி போலவே நடந்துகொள்ளும் கார் விளையாட்டு, அதாவது சிம் ரேசிங் பழகுகிற எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். இலேசான வண்டி, பின்சக்கர இழுவை, தப்பு செய்தாலும் மெதுவாகத்தான் சுற்றும். போன மாதம் அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, ஊர்ல ஓடுற காரு முக்காவாசி முன்சக்கர வண்டி. நாம மட்டும் ஏன் பின்சக்கரத்துலயே சுத்திட்டு இருக்கோம்?" நூறடி சாலை சிக்னலில் நின்று பார்த்தால் அவன் சொல்வதில் தப்பில்லை. எஞ்சின் முன்சக்கரத்தைச் சுழற்றினால் அது முன்சக்கர வண்டி. சரி, அடுத்த எட்டு வாரம் இலேசான ஜப்பான் முன்சக்கர வண்டி ஒன்றில் ஓட்டுவோம் என்று முடிவானது. எந்த வண்டி என்பதில்தான் அடிதடி. மூன்று பெயர் மிஞ்சியது. தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வயதில் மூத்தவனாக இருப்பதில் இருக்கும் ஒரே லாபம் இது.

அந்த மூன்று: 1997-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதாவது ஈகே9; 1995-ல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், அதாவது டிசி2; 2017-ன் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். டைப் ஆர் என்பது ஹோண்டா தன் வேகமான வகைகளுக்குக் கொடுக்கும் பட்டம். புதிய சிவிக் டைப் ஆர்களை ஒருவன் நடுவில் நுழைக்கப் பார்த்தான். முந்நூறு குதிரைசக்திக்கு மேல், எடையும் 1,300 கிலோவைத் தாண்டும். அது வேறு ஜாதி வண்டி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

காகிதத்தில் பார்த்தால் போட்டி இப்படி இருக்கிறது. ஈகே9-ல் 1,595 சிசி எஞ்சின், டர்போ கிடையாது, எஞ்சின் நிமிடத்துக்கு 8,200 சுற்று சுற்றும்போது 185 குதிரைசக்தி. டிசி2-ல் 1,797 சிசி, 8,000 சுற்றில் 200. இரண்டுமே 1,100 கிலோவுக்குக் கீழே, இரண்டிலும் ஐந்து கியர், முன் அச்சில் ஹெலிக்கல் வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் பலத்தை மறுசக்கரத்துக்கும் பங்கிடும் அமைப்பு. ஸ்விஃப்டில் 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைசக்திதான், ஆனால் எடை 970 கிலோ, ஆறு கியர். ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தால் டிசி2-க்கு ஐந்தரைக்குப் பக்கம், ஈகே9-க்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு, ஸ்விஃப்டுக்கு ஏழு. இதோடு நிறுத்தினால் இன்டெக்ராவுக்கு மாலை போட்டுவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போய்விடலாம். பையன்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் எல்லோருக்கும் அதே வண்டிதான் என்னும்போது எது வேகம் என்ற கேள்விக்கே வேலை இல்லை. ஐந்து பேருக்கும் டிசி2 கொடுத்தாலும் யாரோ ஒருவன் முதல், யாரோ ஒருவன் கடைசி. எட்டு வாரம் கழித்து ஐந்து பேரின் காலும் கையும் எதைக் கற்றிருக்கும் என்பதைப் பார்த்துத்தான் நான் எடை போட்டேன்.

முன்சக்கர வண்டியில் முன் டயர் இரண்டும் செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். திருப்புவது அவைதான், இழுப்பதும் அவைதான், பிரேக்கில் பெரும்பங்கு சுமையைத் தாங்குவதும் அவைதான். நம்மூர் ஓட்டலில் ராத்திரிக் கூட்டத்தில் பரோட்டா கல்லில் நிற்கிறவரே கல்லாவிலும் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போனால் சமாளிப்பார். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் பரோட்டாவும் கருகும், சில்லறையும் தப்பாக வரும். வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் மிதித்தால் வண்டி திரும்பாமல் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு நேராகப் போகும். அண்டர்ஸ்டியர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவன் அப்போது செய்வது ஒன்றே ஒன்று: இன்னும் ஒடிப்பான். டயர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டது, இன்னும் ஒடித்தால் இன்னும்தான் வழுக்கும்.

இதை ஸ்டியரிங் முன்கூட்டியே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால். டயர் வளைவில் பிடிக்கப் பிடிக்க ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கும் ஒரு திருகுவிசை அதில் உருவாகிறது. அதுதான் கையில் கனமாகத் தெரிவது. இந்த விசை டயரின் பிடி உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்பே குறையத் தொடங்கிவிடும். அதாவது வண்டி நேராக ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையில் கனம் இளகும். ஜி29 பல்சக்கரம் வைத்த ஸ்டியரிங். மோட்டாரிலேயே நேராக மாட்டிய, விலை உயர்ந்த டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் போல நுணுக்கமாகச் சொல்லாது, கரகரவென்று சத்தமும் போடும். ஆனாலும் இந்த இளகலை மறைக்காது. பின்சக்கர வண்டியில் பின்னால் நடப்பதைக் கழுத்தும் இடுப்பும்தான் உணரவேண்டும். மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஏது? முன்சக்கர வண்டியில் நடப்பது எல்லாம் கைக்கு நேர் கீழே நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பழகுகிறவனுக்கு இது பெரிய வசதி. ஏனோ யாரும் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இப்படி இலேசான வண்டிகளில் பின்புறம் வெறும் தகரம்தான், எடை முழுக்க மூக்கில். வேகமான வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் இலேசாகிப் பின்புறம் வெளியே வீசும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது மூளைக்கு ஒப்பாத காரியம்: ஸ்டியரிங்கை இலேசாக எதிர்ப்பக்கம் விட்டு ஆக்சிலரேட்டரைக் கொடுப்பது. முன்சக்கரம் வண்டியை நேராக இழுத்துக்கொண்டு போய்விடும். ரோட்ஸ்டரில் இதையே செய்தால் பம்பரம்தான். ஆக, பழகவேண்டியது இரண்டு. முன் டயரிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலை கேட்பது ஒன்று, பயத்தில் காலை எடுக்காமல் இருப்பது இன்னொன்று. மூன்று வண்டியையும் இந்த இரண்டை வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தேன்.

டிராக் ஜப்பானின் ட்சுகுபா. ஒரு சுற்று 2,045 மீட்டர். இலேசான வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த விளையாட்டில் இல்லை என்பது என் கட்சி. சுசுகா டிராக்கில் 5.8 கிலோமீட்டர் சுற்றிவருவதற்குள் போன சுற்றில் என்ன தப்பு செய்தோம் என்பதே மறந்துவிடும். ட்சுகுபாவில் ஒரு நிமிடம் கொஞ்சத்தில் அதே வளைவு திரும்ப வந்து நிற்கும். அங்கே எனக்கு வேண்டியது இரண்டே இடம்: பின் நேர்ப்பாதைக்கு முந்தைய இரண்டாவது ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), அந்த நேர்ப்பாதை முடிந்ததும் வரும் நீண்ட கடைசி வளைவு.

முதலில் ஸ்விஃப்ட். பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள். "மாமா, இது கால் டாக்ஸி" என்றான் ஒருவன். நம்மூரில் மாருதி 2005-லிருந்து விற்கும் ஸ்விஃப்டின் குடும்பம்தான். ஆனால் இந்த ஸ்போர்ட் வகை இங்கே விற்பனைக்கு வந்ததே இல்லை. 230 நியூட்டன் மீட்டர் திருகுவிசை 2,500 சுற்றிலேயே முழுசாகக் கிடைக்கும். ஈகே9 உச்சத்தில் தருவது சுமார் 160, அதுவும் 7,500 சுற்றில். இந்த வித்தியாசம்தான் ஸ்விஃப்டின் குணம், அதுவேதான் அதன் குறையும். மூன்றாம் கியரில் ஹேர்பினுக்குள் சோம்பேறித்தனமாக நுழைந்தாலும் டர்போ தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. வேகத்தை வளைவுக்குள் எடுத்துப்போகத் தெரியாதவனையும் அது காப்பாற்றிவிடும். காப்பாற்றினால் அவன் எங்கே கற்பது?

ஆனால் ஸ்விஃப்டிடம் ஒன்றைக் கற்கலாம், மற்ற இரண்டிலும் அது கிடைக்காது. கம்பெனியிலிருந்து வரும்போது அதில் எல்எஸ்டி இல்லை, இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிக்கும் சாதா டிஃபரென்ஷியல்தான். இரண்டாவது ஹேர்பின் வலப்பக்க வளைவு. வண்டி இடப்பக்கம் சாயும், வலது முன்சக்கரம் இலேசாகும். அவசரப்பட்டு மிதித்தால் எஞ்சினின் பலம் எது சுலபமாகச் சுற்றுமோ அந்தச் சக்கரத்துக்கே ஓடும். வலது டயர் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும், கையில் கனம் இளகும், எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் ஊசி ஏறும், வண்டி ஏறாது. ரீப்ளேயில் பார்த்தால் வெட்கமாக இருக்கும். மூச்சு விடும் நேரம் பொறுத்து, ஸ்டியரிங்கை அவிழ்த்துக்கொண்டே மிதித்தால் ஒரு சத்தமும் இல்லாமல் போகிறது. டிராக்‌ஷன் கண்ட்ரோலைப் பூஜ்யத்தில் வைத்தால்தான் இந்தப் பாடம். ஒன்றில் வைத்தால்கூட சக்கரம் வீணாகச் சுற்றாதபடி விளையாட்டே எஞ்சின் பலத்தைக் குறைத்து மூடி மறைத்துவிடும். கடைசி வளைவில் ஸ்விஃப்ட் சாதுதான். காலை எடுத்தாலும் கொஞ்சம் மூக்கை உள்ளே இழுக்கும், அதோடு சரி.

டிசி2-வுக்கு வருவோம். இதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. டைப் ஆர் வரிசையில் 1992-ன் என்எஸ்எக்ஸுக்கு அடுத்து வந்தது இதுதான். சிவிக்குக்கு டைப் ஆர் பட்டம் கிடைத்தது அதற்கும் பிறகு. முன்சக்கர வண்டிகளிலேயே சிறந்தது எது என்று பேச்சு வரும் இடத்தில் எல்லாம் இதன் பெயர் வரும். ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று முதல் சுற்றிலேயே புரியும். மூக்கை எங்கே காட்டினாலும் அங்கே போகிறது. ஹேர்பினிலிருந்து வெளியே வரும்போது மிதித்தால் எல்எஸ்டி வெளிச்சக்கரத்துக்குப் பலத்தைத் தள்ளி வண்டியை வளைவுக்கு உள்ளேயே இழுக்கிறது. முன்சக்கர வண்டி நேராக ஓடும் என்று கேள்விப்பட்டவனுக்கு இது மந்திரம் போலத் தெரியும். கூடுதல் 200 சிசி இருப்பதால் சுற்று கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் முகம் சுளிக்காது.

சிக்கல் கடைசி வளைவில். டிசி2-வின் முன், பின் அச்சுக்கு இடையே 2,570 மில்லிமீட்டர், ஈகே9-ல் 2,620. ஐந்து சென்டிமீட்டர்தான் குறைவு, பின்புறச் சஸ்பென்ஷனும் இறுக்கம், வருகிற வேகமும் அதிகம். எல்லாம் சேர்ந்து, காலை எடுத்தால் பின்புறம் கேள்வி கேட்காமல் வந்துவிடுகிறது. அக்கா பையன் பத்துச் சுற்றில் நான்கு முறை அங்கே வண்டியைப் பம்பரமாகச் சுற்றவிட்டான். நான்கு முறையும் ஒரே கதை. வளைவின் நடுவில் வெளிப்பக்க ஓரம் கிட்டே வருவதைப் பார்த்தான், பயந்தான், காலை எடுத்தான். "கால எடுக்காதடா" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது முறை அவன் காலை எடுக்கவில்லை. ஆனால் வளைவுக்குள் நுழையும்போதே மிக மெதுவாக வந்தான். பயம் அதைத்தான் கற்றுக்கொடுத்தது. பழகாதவன் கையில் டிசி2 இப்படித்தான்: சுற்றிவிடும், இல்லாவிட்டால் அடக்கஒடுக்கமாக ஓட்டவைக்கும். அக்கா பையன் அன்று இரண்டுக்கும் நடுவே வரவே இல்லை.

ஈகே9-ஐக் கடைசியில் ஓட்டினேன். முதல் சுற்றில் ஏமாற்றம். ஹேர்பினில் மூன்றாம் கியரில் நுழைந்தேன், ஸ்விஃப்டில் பழகிய புத்தி. மிதித்தால் ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிளில் செயின் கழன்றது போல. ஊசி 4,000-ல் தவழ்ந்தது, பின் நேர்ப்பாதையில் பாதி தூரம் போன பிறகுதான் 6,000-ஐத் தொட்டது, அப்புறம் குரலே மாறிக் கத்த ஆரம்பித்தது. அதற்குள் கடைசி வளைவு வந்துவிட்டது. ஹோண்டாவின் விடெக் என்பது இதுதான். எஞ்சின் வால்வைத் திறக்கும் கேம் என்ற உருள்பாகம் இதில் இரண்டு வகை: கீழ்ச் சுற்றுக்கு ஒரு கேம், மேல்ச் சுற்றுக்கு உயரமான வேறொரு கேம். இந்த எஞ்சினில் சுமார் 6,000-க்கு மேல்தான் இரண்டாவது கேம் விழித்துக்கொள்ளும். நம்மூரில் 2000-ஐ ஒட்டி வந்த 1.5 லிட்டர், 106 குதிரைசக்தி சிட்டி விடெக்கை வைத்திருந்த சித்தப்பாக்கள் "விடெக் கிக்" என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். இந்த 1.6 லிட்டருக்கு முன்னால் அது தாலாட்டு.

இரண்டாம் சுற்றில் இரண்டாம் கியர். நுழையும்போதே வேகத்தைக் குறைவாகக் கொன்றேன், பிரேக்கை முழுக்க விடாமல் இலேசாக வைத்துக்கொண்டே மூக்கை உள்ளே திருப்பினேன். ஊசி கீழே விழவில்லை. வெளியே வரும்போது எல்எஸ்டி டிசி2-வில் இழுத்தது போலவே உள்ளே இழுத்தது, பலம் குறைவு என்பதால் முரட்டுத்தனமும் குறைவு. கியர் மாற்றுவதிலும் அதே கண்டிப்பு. சத்தத்துக்குப் பயந்து 7,500-லேயே மேல் கியருக்குப் போனால் ஊசி மறுபடி 6,000-க்குக் கீழே விழும், தூக்கம். எட்டாயிரம் தாண்டும்வரை பிடித்துவைக்கவேண்டும். வளைவில் நீங்கள் தொலைத்த ஐந்து கிலோமீட்டர் வேகத்தை ஸ்விஃப்டின் டர்போ வாயை மூடிக்கொண்டு ஈடுகட்டிவிடும், இன்டெக்ரா முணுமுணுத்துக்கொண்டு ஈடுகட்டும். சிவிக் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே வரும். தவறு எங்கே நடந்தது என்று யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை, ஊசியைப் பார்த்தாலே போதும்.

கடைசி வளைவிலும் அது நடுவழி. காலை எடுத்தால் பின்புறம் வரும். ஆனால் கொஞ்சம் நேரம் கொடுத்து வரும், மறுபடி மிதித்து இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அங்கே அக்கா பையன் முதல் தடவை சுற்றினான். இரண்டாம் தடவை பின்புறம் கிளம்பியதும் தற்செயலாகக் கால் பெடலில் விழுந்துவிட்டது போல, வண்டி நேராகி ஓடிவிட்டது. "இன்னா மாமா இது, மிதிச்சா நேராவுது" என்றான். இதைத்தான் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்எஸ்டி பற்றி ஓர் ஓரக்குறிப்பு. ஹோண்டாக்களில் இருக்கும் ஹெலிக்கல் வகை, ஒரு சக்கரத்தில் இருக்கும் பிடியைப் பெருக்கி மறுசக்கரத்துக்குக் கொடுப்பது. ஒரு சக்கரம் தரையைவிட்டு முழுக்கத் தூக்கிவிட்டால் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது அது ஸ்விஃப்டின் சாதா டிஃபரென்ஷியல் மாதிரியே நடந்துகொள்ளும். ஆகவே டிராக்கின் உள்பக்க ஓரத்துத் திட்டான கர்பின்மேல் முன்சக்கரத்தைத் துள்ளவிடும் பழக்கம் இருப்பவர்கள் சிவிக்கிலும் இன்டெக்ராவிலும் அதை மறந்துவிடுவது நல்லது.

இன்னொரு சமாச்சாரம், இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னது எதற்கும் பயனில்லை. டயர். விளையாட்டில் ஸ்போர்ட்ஸ் சாஃப்டோ ரேசிங் டயரோ மாட்டினால் மூன்று வண்டியும் ஒரே மாதிரி ஆகிவிடும். பசை போட்டு ஒட்டிய மாதிரி திரும்பும், கற்க ஒன்றும் இருக்காது. கம்ஃபர்ட் மீடியம் போடுங்கள். தெருவில் ஓடும் டயரின் பிடிக்கு அதுதான் பக்கம். வண்டியின் குணம் அப்போதுதான் வெளியே வரும். பத்துச் சுற்று நேரப் போட்டியை விட்டு, டயர் தேய்மானத்தை வைத்து நீண்ட ரேஸ் ஓட்டினால் இன்னொன்றும் தெரியும்: பின் டயர் புத்தம் புதிதாக இருக்கும்போதே முன் டயர் பாதி தீர்ந்திருக்கும். அப்போது பிரேக் பேலன்ஸை, அதாவது முன், பின் பிரேக்குக்குப் பங்கிடும் அளவைப் பின்பக்கம் ஒன்றிரண்டு புள்ளி தள்ளினால் முன் டயருக்கு ஓய்வு, திருப்பும்போது பின்புறமும் கொஞ்சம் உதவும். அதிகம் தள்ளினால் பிரேக் போடும்போதே பின்புறம் முன்னால் வந்துவிடும், ஜாக்கிரதை.

கணினியில் அசெட்டோ கோர்சா என்ற விளையாட்டை ஓட்டுகிறவர்களுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. அங்கே இந்த ஜப்பான் வண்டிகள் எல்லாம் ரசிகர்கள் செய்த மாட்களாகத்தான் கிடைக்கின்றன. ஒரே ஈகே9 பெயரில் ஒன்று தங்கமாக இருக்கும், இன்னொன்று சோப்பில் ஓடும். வண்டியைக் குறை சொல்வதற்கு முன் வேறொரு மாடைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டியைக் குறை சொல்வது என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் ஜி29 இரண்டாம் கையாக வாங்கியது. விற்றவர் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மூன்று வருடம் உப்புக்காற்று வாங்கிய சாமான். வாங்கிய புதிதில் முன்சக்கர வண்டி எதை எடுத்தாலும் வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தும் நேரத்தில் முன் டயர் ஒரு நொடி பூட்டிக்கொண்டதுபோல வழுக்கும். ஏபிஎஸ்ஸை மாற்றினேன், டயரை மாற்றினேன், வண்டியை வாயில் வந்தபடி திட்டினேன். ஒருநாள் பிரேக் பெடலை மெதுவாக அமுக்கிக்கொண்டு திரையில் இருக்கும் பிரேக் கோட்டை மட்டும் பார்த்தேன். கால் பாதியில் நிற்கிறது, கோடு மட்டும் முழுக்க எகிறிக் கீழே வருகிறது. எவ்வளவு அமுக்குகிறோம் என்பதை அளக்க பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கும் துருவும். கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்துப் பதினைந்து முறை அமுக்கிவிட்டதும் சரியாகிவிட்டது. இந்தப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்சக்கர வண்டியில் பிரேக்கை இழையிழையாக விடுவதுதான் பாதி ஓட்டம். பெடல் பொய் சொன்னால் எந்த டைப் ஆரும் காப்பாற்றாது.

நாற்காலியும் அப்படித்தான். ஜி29 பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, கடைசிப் பகுதி கல்லாக இருக்கும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து அதை மிதித்தால் பிரேக் அமுங்காது, நாம்தான் பின்னால் போவோம். ஐந்து சக்கரத்துக்கும் அடியில் பழைய ஹவாய் செருப்பு வைப்பது எங்கள் வழி. இரண்டரை ஜோடி. மிச்சம் நிற்கும் ஒற்றைச் செருப்பைப் பார்த்து அக்கா மாதத்துக்கு ஒருமுறை சத்தம் போடுவாள்.

சரி, தீர்ப்பு. எங்கள் எட்டு வாரத்துக்கு ஈகே9. ஐந்து பேரில் இரண்டு பேர் முதன்முறையாக முன்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், இரண்டு பேர் சுமார், ஒருவன் வேகமானவன். வேகமானவனுக்கும் சலிப்புத் தட்டாமல், புதியவனை அடித்து விரட்டாமல் இருப்பது இந்த மூன்றில் சிவிக் மட்டும்தான். இன்டெக்ராவை எடுத்தால் முதல் இரண்டு வாரத்திலேயே யார் பஜ்ஜி வாங்குவது என்பது எட்டு வாரத்துக்கும் முடிவாகிவிடும்.

ஆனால் கையில் ஸ்டியரிங் இல்லாமல் கன்ட்ரோலரில் ஓட்டுகிறவராக இருந்தால் ஸ்விஃப்ட் எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்டியரிங்கின் கனம் இளகுவது உங்களுக்குக் கிடைக்காது, அந்தக் குறையை டர்போவின் பலம் மன்னித்துவிடும். கையில் இருக்கும் கிரெடிட், அதாவது விளையாட்டுப் பணம் குறைவு, இப்போதே ஓட்டவேண்டும் என்றாலும் ஸ்விஃப்ட்தான். ஷோரூம் வண்டி என்பதால் எப்போதும் விற்பனையில் இருக்கும். ஹோண்டாக்கள் இரண்டும் விளையாட்டின் பழைய கார் கடையில்தான் வரும், அதுவும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும் கடை, இன்று இருப்பது அடுத்த வாரம் இருக்காது. இன்டெக்ரா தனியாக ஓட்டுகிறவனுக்கு. எட்டு வாரம் சிவிக்கில் ஓட்டி, காலை எடுக்காமல் இருக்கப் பழகியவனுக்கு. நான் சொந்தக் கணக்கில் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறேன் என்பதைப் பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்ஃபோனில் 8,000 சுற்றைக் கேட்டுக்கொண்டு ட்சுகுபாவின் கடைசி வளைவில் இன்னும் நானே அவ்வப்போது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீர்ப்பு சொல்லி இரண்டு ஞாயிறு போய்விட்டது. பழைய கார் கடையில் ஈகே வரவில்லை. வேறு வழியில்லாமல் ரோட்ஸ்டரிலேயே ஓட்டினோம், நான்தான் பஜ்ஜி வாங்கினேன். இன்று காலை ஏழு மணிக்கு அக்கா பையனிடமிருந்து போன்: "மாமா, ஈகே வந்திருக்கு. வெள்ளை. வாங்கிட்டேன். வரும்போது செருப்பு ஒண்ணு எடுத்துட்டு வா, அம்மா ஒண்ண தூக்கிப் போட்டுட்டாங்க."